கடல்வாசலில் கடைசி ஜோடி

தண்ணீர் பாட்டில் வரவில்லை. டீச்சருக்கு முதல் சந்தேகம் அதில்தான் விழுந்தது.

நான்காம் வகுப்பு மொத்தமும் கடற்கோட்டைப் பூங்காவின் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் டீச்சர் தன் கழுத்தில் தொங்கும் பச்சை விசிலை ஊதி, "ஜோடி!" என்று குரல் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜோடியின் கையைப் பிடித்து உயரத் தூக்கியது. எல்லாக் கைகளும் மேலே. "என் ஜோடியைக் காணோம் டீச்சர்" என்று ஒரு குரலும் எழவில்லை.

இந்த ஜோடி முறை டீச்சரின் சொந்தக் கண்டுபிடிப்பு. மற்ற வகுப்பு ஆசிரியர்கள் சுற்றுலா வந்தால் நாள் முழுக்கத் தலைகளை எண்ணுவார்கள். நடுவில் ஒருவன் நகர்ந்துவிட்டால் முதலிலிருந்து எண்ணுவார்கள். டீச்சர் எண்ணுவதே இல்லை. "நாம ஏன் எண்ணணும்? அவங்களே ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. ஒருத்தி காணாமப் போனா அவ ஜோடி கத்தி ஊரைக் கூட்டிடுவா" என்பார். தலைமையாசிரியர் இதை மீட்டிங்கில் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வகுப்பில்தான் அவருடைய மகளும் படிக்கிறாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அம்மா கிடையாது, டீச்சர்தான். முதல் நாளே போட்ட சட்டம் அது. டூர் வந்தாலும் அது ஸ்கூல் கணக்குதான். "சொந்தப் பொண்ணுன்னா தனி கவனிப்பு" என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகவே மகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். வரிசையில் போனால் அவள்தான் கடைசி ஜோடி. மகளும் சளைத்தவள் இல்லை. சட்டத்தை அம்மாவைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் யார் என்ன செய்தாலும் "ரூல்ஸ் படி அது தப்பு" என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு 'ரூல்ஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. அவளுடைய ஜோடிக்குப் பெயர் 'ரேடியோ'. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு சலுகை மட்டும் இருந்தது. மகளின் தண்ணீர் பாட்டில் மூடி ரொம்ப இறுக்கம். சாப்பாட்டு வேளையில் அவள் சத்தமில்லாமல் வந்து பாட்டிலை நீட்டுவாள். "டீச்சர், மூடி." டீச்சர் திறந்து கொடுப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இன்று பாட்டில் வரவில்லை.

டீச்சர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். ரூல்ஸ் இல்லை. ரேடியோவும் இல்லை.

அப்போதுதான் அவர் கண்டுபிடிப்பில் இருந்த ஓட்டை அவருக்கே தெரிந்தது. ஒருத்தி தொலைந்தால் இன்னொருத்தி கத்துவாள். இரண்டு பேரும் சேர்ந்து தொலைந்தால் யார் கத்துவார்கள்?

பூங்காவின் ஒலிபெருக்கி அந்த நேரம் பார்த்துக் கரகரத்தது. "பார்வையாளர்கள் கவனத்துக்கு. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. பாறைப் பக்கம் இறங்கியவர்கள் உடனடியாக மேலே வரவும்."

டீச்சர் எழுந்த வேகத்தில் டப்பா கவிழ்ந்தது.

துணைக்கு வந்த டிராயிங் மாஸ்டரைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு டீச்சர் கழிப்பறைக்கு ஓடினார். காலி. பஸ்ஸுக்கு ஓடினார். சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்த டிரைவர் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"யாரும் வரலையே டீச்சர். ஏன், என்ன ஆச்சு?"

"ரெண்டு பிள்ளைங்களைக் காணோம். என் பொண்ணும், ரேடியோவும்."

"ரேடியோவா? அந்தப் புள்ள எங்க இருந்தாலும் சத்தம் கேட்குமே!" என்றவர், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினார்.

புல்வெளிக்குத் திரும்பி டீச்சர் வகுப்பைக் கேட்டார். "ரேடியோவைக் கடைசியா யார் பாத்தீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பல் விழுந்த ஒரு பையன் மெதுவாகக் கை தூக்கினான்.

"பாக்கலை டீச்சர். ஆனா கேட்டேன். கீழ இருட்டு ரூம்ல பேசிக்கிட்டே இருந்தா. மேல ஏறும்போது சத்தம் வரலை."

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நிம்மதியா இருந்துச்சு டீச்சர்" என்றான் அவன்.

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கீழே இருட்டு ரூம். அதாவது கடல்வாசல்.

சற்று முன் பார்த்தது நினைவுக்கு வந்தது. கோட்டையின் அடிவயிற்றில், செங்குத்தான படிகளுக்குக் கீழே, கல்லால் கட்டிய ஒரு நீள அறை. அந்தக் காலத்தில் படகிலிருந்து வெடிமருந்துப் பீப்பாய்களை இறக்கிய இடம். ஒரு பக்கம் இரும்புக் கம்பிக் கதவு. அதற்கு அப்பால் நேராகக் கடல். இன்னொரு பக்கம் படிக்கட்டுக்கு வரும் தடித்த மரக்கதவு. உள்ளே ஈரமும் பாசி வாடையும். டீச்சர் வரிசையின் முன்னால் இருந்ததால் சீக்கிரமே மேலே ஏறிவிட்டார்.

அந்த அறையைச் சுற்றிக் காட்டியவர் பூங்காவின் வழிகாட்டி. பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக வந்தவரைப் பிள்ளைகள் பார்த்ததுமே 'தளபதி அக்கா' ஆக்கிவிட்டார்கள். ஆனால் தளபதி அக்கா இப்போது பூங்காவில் இல்லை. மேல்தளத்தில் வேறொரு பள்ளிப் பையன் பீரங்கி மேடையிலிருந்து தவறி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வண்டியில் அக்காவே ஏறிவிட்டார். ஏறும்போது தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற புது வழிகாட்டியின் தலையில் வைத்து, "இவங்களை நீ பாத்துக்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தம்பி இப்போது டீச்சர் முன்னால் நின்றான். வேலைக்குச் சேர்ந்து இன்னும் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. தொப்பி காது வரைக்கும் இறங்கியிருந்தது.

"கடல்வாசல்லயா டீச்சர்?" அவன் முகம் வெளுத்தது. "அய்யோ. காவல் ஆட்டம்!"

"என்ன ஆட்டம்?"

"அக்கா சில வகுப்புக்கு மட்டும் விளையாட்டுக் காட்டுவாங்க. கீழ் ரூம்லேருந்து எல்லாரும் ஏறும்போது, வரிசைல கடைசியா இருக்கிற ரெண்டு பேரை வாயில விரல் வெச்சு நிறுத்திடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் கோட்டைக்குக் காவல், மரக்கதவை உள்ள தாழ் போட்டுக்கங்க, கடவுச்சொல் சொல்றவங்களுக்கு மட்டும் திறங்கன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க. மேல வந்து, 'உங்கள்ல யாரைக் காணோம்?'னு கேட்பாங்க. எல்லாரும் முழிப்பாங்க. உடனே கூட்டமா கீழ ஓடி, கடவுச்சொல் சொல்லித் திறப்பாங்க. பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும் டீச்சர்."

"இன்னிக்கு மேல வந்ததும் அந்தப் பையன் விழுந்துட்டான்."

"ஆமா டீச்சர். அக்கா பதட்டத்துல சொல்லாமப் போயிட்டாங்க. நான் உங்களை நேரா புல்வெளிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

டீச்சர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். "கடவுச்சொல் என்ன?"

"ஒவ்வொரு தடவையும் புதுசு. காதுல சொல்வாங்க. அக்காவுக்கும் அந்த ரெண்டு பேருக்கும்தான் தெரியும்."

"போன் போடு!"

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன், எடுக்கலை." ஓடிக்கொண்டே தம்பி இன்னொன்றையும் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்திருப்பான். "கடல் ஏறினா அந்த ரூம்ல தண்ணி வரும் டீச்சர். அதுக்கு முன்னாடியே பூட்டிடுவோம். இன்னிக்கு இந்தக் களேபரத்துல..."

டீச்சர் இன்னும் வேகமாக ஓடினார்.

படிகள் வழுக்கின. டிரைவர் அண்ணன் முன்னால் இறங்கி டீச்சருக்குக் கை கொடுத்தார். பாதிப் படியிலேயே தம்பியின் போனில் சிக்னல் செத்தது. "நான் மேல போய் முயற்சி பண்றேன்" என்று அவன் திரும்பி ஓடினான்.

கடைசிப் படியில் இறங்கியதும் டீச்சரின் செருப்பு நனைந்தது. மரக்கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியே வழிந்து, ஓரத்தில் இருந்த கல் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் அலை வந்து மோதி, உறுமி, பின்வாங்கியது.

"ரேடியோ! ரூல்ஸ்!"

பதில் இல்லை.

டீச்சர் இரண்டு உள்ளங்கையாலும் கதவைத் தட்டினார். "உள்ள இருக்கீங்களா? பேசுங்க!"

அமைதி. அலை. மறுபடி அமைதி. அதற்குப் பிறகு ஒரு தும்மல்.

"தும்மாதடி!" என்று ஒரு கிசுகிசுப்பு.

மகளின் குரல். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உயிரோடு இருக்கிறார்கள்.

"கண்ணுங்களா, டீச்சர் வந்திருக்கேன். கதவைத் திறங்க."

"கடவுச்சொல்?" என்றாள் மகள். குரலில் அப்படியொரு கம்பீரம்.

"அது எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிஞ்சு போச்சு. தாழ்ப்பாளை எடுங்க."

உள்ளே ரகசியம் பேசினார்கள். ரேடியோவின் ரகசியம் என்பது மற்றவர்களின் சத்தம். எல்லாம் காதில் விழுந்தது.

"பாத்தியா? எதிரி உங்க டீச்சர் குரல்லயே வந்து கூப்பிடுவான்னு அக்கா சொன்னாங்கல்ல? அப்படியே டீச்சர் குரல்! கொஞ்சம் மூக்கால பேசுறதுகூட அச்சு அசல்!"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "தளபதி அக்கா ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. அவங்களால வர முடியலை. அதனாலதான் நான் வந்தேன். உள்ள தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ராணுவ ரகசியம்" என்றாள் மகள்.

"என் முட்டிக்கு வந்திருச்சு..." என்று ரேடியோ தொடங்க, "எதிரிக்கிட்ட சொல்லாதடி!" என்று ஒரு அதட்டல்.

முட்டிக்கு வந்துவிட்டது. டீச்சர் டிரைவர் அண்ணனைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டு பின்னால் நகர்ந்து, ஓடி வந்து தோளால் கதவில் மோதினார். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு கூச்சல்தான் எழுந்தது.

"தாக்குறாங்க! முதுகைக் குடு, முதுகைக் குடு!"

இரண்டு சின்ன முதுகுகள் கதவில் சாய்வதை மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்தே டீச்சரால் உணர முடிந்தது.

"வேண்டாம் அண்ணே. கதவு உடைஞ்சாக்கூட அதுங்க மேலதான் விழும்."

"கோடாலி எடுத்துட்டு வரவா?"

"ஆபீஸுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள..." டீச்சர் முடிக்கவில்லை. அவர் பார்வை கதவின் கீல் பக்கம் போயிருந்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தண்ணீர் ஏற ஏற அதுவே கதவை இன்னும் அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிள்ளைகள் மனசு மாறித் திறக்க நினைத்தாலும் அப்போது திறக்க வராது.

"ரேடியோ, நீயாவது எடும்மா. நல்ல பொண்ணுல்ல?"

"ஒருத்தியால தூக்க முடியாது" என்றாள் ரேடியோ. அழுகை எட்டிப் பார்த்தது. "பெரிய கட்டை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். எனக்குக் குளிருதுடி, திறந்துடலாமாடி?"

"காவல்காரங்க பயந்தா கோட்டை போயிடும்" என்றாள் மகள். "ரூல்ஸ் படி கடவுச்சொல் சொன்னாத்தான்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நினைத்ததும் அந்தக் கோபம் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. நெற்றியைக் கதவில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். வீட்டில் மட்டுமே வரும் குரல் அது.

"பாப்பா. அம்மா சொல்றேன்டா. கதவைத் திறடா."

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அலைகூட ஒரு கணம் ஓய்ந்தது போலிருந்தது. டீச்சர் காத்திருந்தார்.

"இப்ப நல்லா மாட்டிக்கிட்டீங்க" என்றது மகளின் குரல். "ஸ்கூல்ல அம்மா கிடையாது. டூர்லயும் கிடையாது. எங்க டீச்சர் செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. நீங்க எதிரியேதான்!"

டிரைவர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன டீச்சர், புள்ளையா பெத்தீங்க? வக்கீலைப் பெத்து வெச்சிருக்கீங்க!"

வழிந்து வரும் தண்ணீர் டீச்சரின் கணுக்காலைத் தொட்டது. சாக்கடை இனி தாங்காது. தம்பி இன்னும் வரவில்லை. மேலே ஒலிபெருக்கி மறுபடி எதையோ அறிவித்தது. இங்கே அது வெறும் இரைச்சலாக இறங்கி வந்தது.

என்ன சொன்னாலும் எதிரி சொன்னதாகத்தான் ஆகும். கெஞ்சினால் எதிரியின் தந்திரம். மிரட்டினால் எதிரியின் மிரட்டல். அம்மா என்றால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம். சரி. எதிரி என்றால் எதிரியாகவே இருந்துவிட்டுப் போகலாம். எதிரி என்ன செய்தால் ஒரு காவல்காரி கதவைத் திறப்பாள்?

டீச்சர் நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளைங்க" என்றார் சத்தமாக. "கண்டுபிடிச்சுட்டீங்க. நான் எதிரிதான்."

உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" என்று ரேடியோ குதித்ததில் தண்ணீர் சளசளத்தது.

"எங்க படை தோத்துப் போச்சு. நானும் இன்னொரு வீரரும்தான் மிச்சம். உங்க காவலை எங்களால உடைக்க முடியலை. சரணடையறோம். வெளிய வந்து எங்களைக் கைது பண்ணுங்க."

டிரைவர் அண்ணனுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. "ஆமா பாப்பா, நானும் சரண்டர்! தோளு வேற பயங்கரமா வலிக்குது!"

நீண்ட ஆலோசனை. பிறகு மகள் கேட்டாள். "பொய்யா இருந்தா?"

"ஆயுதத்தை முதல்ல குடுத்துடறோம்."

"என்ன ஆயுதம்?"

டீச்சரின் கை கழுத்துக்குப் போனது. பச்சை விசிலைக் கயிற்றோடு கழற்றினார். தரையில் குப்புறப் படுத்தார். புடவை, தலைமுடி, கன்னம் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் தோய்ந்தன. எதிர்த்து வரும் தண்ணீருக்குள் கையை விட்டு, கதவின் அடி இடுக்கு வழியாக விசிலை எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினார். கயிறு விரலில் சுற்றிக்கொண்டது. உதறி விட்டார்.

பிளாஸ்டிக் விசில். அந்தப்பக்கம் மிதந்து மேலே வந்திருக்க வேண்டும்.

"ஏய்! இது டீச்சர் விசில்!" என்றாள் ரேடியோ. உடனே அவள் குரல் கீச்சிட்டது. "ரூல்ஸ், இது நிஜ டீச்சரோட விசில்டி! டீச்சரைப் புடிச்சுட்டாங்கடி!"

இதை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. உள்ளே மகளின் மூச்சு மாறுவது கேட்டது. இத்தனை நேரமும் நடுங்காத குரல் முதல் முறையாக நடுங்கியது.

"எங்க அம்... எங்க டீச்சரை என்ன பண்ணினீங்க?"

தரையில் படுத்தபடியே டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுவதற்கு நேரமில்லை.

"ஒண்ணும் பண்ணலை. பத்திரமா இருக்காங்க. நீங்க கதவைத் திறந்து எங்களைக் கைது பண்ணினா, உங்க டீச்சர் அந்த நிமிஷமே விடுதலை. இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி எங்க ராஜா அவங்களைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிடுவார். கப்பல் இப்பக் கிளம்புது."

"தூக்குடி!" என்றாள் மகள்.

உள்ளே முக்கலும் முனகலும் கேட்டன. "ஈரத்துல ஊறிடுச்சு, வரலைடி." "அந்த முனையைத் தள்ளு." "என் விரல், என் விரல்!" ஒரு அலை வந்து மோதியது. இரண்டு பேரும் வீறிட்டார்கள். டீச்சர் எழுந்து கதவில் கையை ஊன்றி நின்றார். வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது.

கட்டை தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

"இழுக்க வரலை!" மகளின் குரலில் இப்போது கம்பீரம் இல்லை. வெறும் பயம். "கதவு வரலை! கதவு வரவே மாட்டேங்குது!"

"ரெண்டு பேரும் ஓரமா போங்க! கதவை விட்டு விலகி, சுவரை ஒட்டி! போயாச்சா? அண்ணே, தள்ளுங்க!"

இருவரும் தள்ளினார்கள். டிரைவர் அண்ணனின் தோள், டீச்சரின் இரண்டு கை. கதவு ஒரு விரல் அளவு நகர்ந்தது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இன்னொரு தள்ளு. டிரைவர் அண்ணன் இடுக்கில் காலைச் சொருகிக்கொண்டு முக்கினார். ஒரு ஆள் நுழையும் அளவு திறந்ததும் டீச்சர் உள்ளே பாய்ந்தார்.

கம்பிக் கதவுக்கு வெளியே கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பிள்ளைகளின் தொடையைத் தாண்டியிருந்தது. சுவரோடு சுவராக ஒட்டி நின்ற இரண்டு உருவங்களையும் ஒவ்வொரு கையில் அள்ளிக்கொண்டார். திரும்பும்போது அந்தச் சுவரைப் பார்த்தார். கடல் ஏறி ஏறி இறங்கிய இடத்தில் பச்சைப் பாசி ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு மகளின் தலைக்கு மேலே இருந்தது.

ரேடியோவை டிரைவர் அண்ணன் வாங்கிக்கொண்டார். காய்ந்த படி வந்த பிறகுதான் டீச்சர் நின்றார்.

மகள் அவர் கையிலிருந்து நெளிந்து கீழே இறங்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பல் தந்தியடித்தது. பச்சை விசிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணில் அது தெரிந்தது. ஆனால் யாரும் இன்னும் கடவுச்சொல் சொல்லவில்லையே!

"கைதி எங்களைத் தூக்கக் கூடாது" என்றாள் நடுங்கிக்கொண்டே. "கையை மேல தூக்குங்க."

டீச்சர் தூக்கினார். ரேடியோவைத் தோளில் சாத்தியிருந்த டிரைவர் அண்ணனும் மிச்சமிருந்த ஒரு கையைத் தூக்கினார்.

படியேறும்போதே ரேடியோ ஓட ஆரம்பித்துவிட்டது. "நாங்க ஒண்ணும் முட்டாள் இல்லை தெரியுமா? தண்ணி இடுப்புக்கு வந்தா கடவுச்சொல் இல்லாமலே திறந்துடலாம்னு பேசி வெச்சிருந்தோம்."

டிரைவர் அண்ணன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. இடுப்புக்கு வந்த தண்ணீரில் அந்தக் கதவு எப்படித் திறந்திருக்கும் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெயிலுக்கு வந்தார்கள். புல்வெளியில் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. சேறு சொட்டும் புடவையோடு, இரண்டு கையும் ஆகாயத்தில் இருக்க நடந்து வரும் டீச்சரையும், பின்னால் விசிலைத் துப்பாக்கி போல் நீட்டிக்கொண்டு வரும் ரூல்ஸையும் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. டிராயிங் மாஸ்டர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அவருக்கு முன்னால் இன்னொரு ஆள் ஓடி வந்தான். தொப்பி ஒரு பக்கம் பறக்க, போனைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான் தம்பி.

"பூசணிக்காய்! பூசணிக்காய்! டீச்சர், கிடைச்சிருச்சு! பூசணிக்காய்!"

மகள் நின்றாள்.

விசிலைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. தோள் இறங்கியது. காவல் முடிந்துவிட்டது. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அதற்குப் பிறகு அவளால் எதையும் பிடித்து வைக்க முடியவில்லை.

"அம்மா!"

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஓடி வந்து டீச்சரின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஏன்மா நீ சீக்கிரம் வரலை? எவ்ளோ தண்ணி தெரியுமா? நான் ரொம்ப நேரம் தைரியமாவே இருந்தேன்மா."

தூக்கிய கைகளைக் கீழே போட்டு டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். திருத்தவில்லை. அந்தச் சட்டம் அந்த இடத்திலேயே செத்தது.

தம்பி போனை நீட்டியபடி தயங்கினான். "டீச்சர், அக்கா லைன்ல இருக்காங்க. ரொம்ப அழறாங்க."

"பிள்ளைங்க பத்திரமா இருக்காங்கன்னு முதல்ல சொல்லு." டீச்சர் மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "மீதியை நேர்ல பேசறேன்னு சொல்லு. நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கு. ஏன் தலையை எண்ணலைன்னு அவங்க என்னைக் கேட்க வேண்டியதும் ஒண்ணு இருக்கு."

துண்டு சுற்றிய மகள் கொஞ்ச நேரத்தில் பையைத் துழாவி பாட்டிலை எடுத்து நீட்டினாள். "அம்மா, மூடி."

டீச்சர் திருகினார். விரல்கள் நடுங்கியதில் மூடி நழுவி நழுவிப் போனது. மறுபடி திருகினார். முடியவில்லை. டிரைவர் அண்ணன் வாங்கித் திறந்து கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறும்போது டீச்சர் விசில் ஊதவில்லை. அது பறிமுதல் ஆகிவிட்டது, திரும்பத் தர முடியாது என்று ரூல்ஸ் சொல்லிவிட்டாள். "ஜோடி!" என்றும் குரல் கொடுக்கவில்லை. வாசற்படியில் நின்று, ஏறிய ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு ஏற்றினார். பிறகு உள்ளே ஏறி, சீட்டு சீட்டாக நடந்து மறுபடியும் தொட்டார்.

பின்சீட்டில் ரேடியோ முழு ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் எதிரி தரையில படுத்துக்கிட்டு, ஐயோ காப்பாத்துங்கன்னு அழுதாங்க."

"நான் அழலை" என்றார் டீச்சர், திரும்பாமலேயே.

"உங்களைச் சொல்லலை டீச்சர்" என்றாள் ரேடியோ. "எதிரியைச் சொன்னேன்."